கணக்கரின் கூட்டலும் கல்லூரியின் பாடமும்

கைபேசி எண்ணில் பத்து இலக்கங்கள். ஒன்று பிசகினாலும் அது வேறு யாரோ ஒருவருடைய எண்ணாக இருந்துவிடக் கூடும். பீன்யாவில் உழைத்து மாதந்தோறும் தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ பணம் அனுப்புகிறவர், திரையில் தெரியும் பெயரைப் படிக்காமல் அவசரப்பட்டால், அதைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆதார் எண்ணின் அமைப்பு வேறு. அதன் பன்னிரண்டாவது இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. டச்சுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி எழுதினாலும், பதிவேட்டைப் புரட்டாமலே தவறு என்று சொல்லிவிடலாம்.

தவறு இருப்பதை அறிவது ஒரு படி. அதைத் திருத்துவது அடுத்த படி. இவ்விரண்டையும் ஆராய்வது பிழைதிருத்தக் குறியீட்டியல். பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம். பலர் தேர்வுக்கு முதல் நாள் சில சூத்திரங்களை நெட்டுருப் போட்டுவிட்டு, மறுநாள் மறந்துவிடுகிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பெற்றோர் கட்டிய பணத்துக்கு இதுதானா பயன்?

இத்தனைக்கும் இதன் அடிப்படை எந்தக் குமாஸ்தாவுக்கும் பழக்கமானதே. சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வரி. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஓவர்டைம் என்று பத்தி பத்தியாகத் தொகைகள். வலது ஓரத்தில் வரிக் கூட்டல். அடியில் பத்திக் கூட்டல். நகலெடுத்தவர் ஓரிடத்தில் 540 என்பதை 450 என்று எழுதிவிட்டார். ஏழாவது வரியில் 90 குறைகிறது. மூன்றாவது பத்தியிலும் 90 குறைகிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை. அங்கே 90-ஐக் கூட்டினால் சரியான தொகை வந்துவிடும். மூலப் பட்டியல் தொலைந்திருந்தாலும் பாதகமில்லை.

பிழை இரண்டானால்? வெவ்வேறு வரியிலும் வெவ்வேறு பத்தியிலும் இரண்டு இடங்களில் அதே 90 குறைந்திருந்தால், சந்திக்கும் கட்டங்கள் நான்காகிவிடுகின்றன. எந்த இரண்டு என்று கணக்கர் எப்படிச் சொல்வார்? எத்தனை பிழையைத் திருத்த வேண்டும், அதற்காக எவ்வளவு கூடுதல் சுமையை ஏற்க வேண்டும் என்கிற பேரமே இந்தத் துறையின் உயிர்நாடி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்டு ஹாமிங்குக்கு வார இறுதியில்தான் கணக்கு இயந்திரம் கிடைத்தது. மேற்பார்க்க ஆளில்லாத அந்த வேளையில் பிழை கண்டால், அது அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தவறு என்று அறிகிற இயந்திரம் அது எங்கே என்றும் அறியலாகாதா என்று அவருக்கு எரிச்சல். விடை 1950-ல் அச்சாயிற்று. நான்கு பிட்டுகளோடு மூன்றைச் சேர்த்து அனுப்பினால், ஏழில் எந்த ஒன்று கெட்டாலும் திருத்தலாம். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி அமெரிக்கா சென்ற ராஜ் சந்திர போஸ், ராய் சவுத்ரியுடன் சேர்ந்து 1960-ல் பல பிழைகளைத் திருத்தும் வழியை வெளியிட்டார். அதே ஆண்டு வெளிவந்த ரீட், சாலமன் இருவரின் முறைதான் இன்று கடைவாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்திலும் வேலை செய்கிறது. கொஞ்சம் கறை படிந்தாலும் அது படிக்கப்படுகிறது. (மேலே வேறொருவன் தன் சதுரத்தை ஒட்டிவிட்டால் அதை எந்தக் குறியீடும் திருத்தாது!) சென்னையில் பிறந்த மது சூதன் 1997-ல் இம்முறையின் எல்லையை மேலும் விரித்தார், 2002-ல் நெவன்லின்னா பரிசு பெற்றார்.

இதைப் படித்தால் வேலை உறுதி என்று சொல்வதற்கில்லை. ஆனால் கைபேசி, செயற்கைக்கோள், கணினி நினைவகம் எதுவும் இதில்லாமல் நடவாது. ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவியும் கேட்காத உயர்கல்வி வேறு எத்தனை உண்டு? காகிதமும் பென்சிலும் போதும். அப்படியிருக்க, இதைக் கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை பூட்டிவைப்பது ஏன்? கூட்டலும் ஒற்றை இரட்டையும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தொடங்கலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் விஜய்குமார், சென்னை ஐஐடியின் ஆண்ட்ரூ தங்கராஜ் ஆகியோரின் விரிவுரைகள் என்பிடெல் வழியே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டும் ஆங்கிலத்தில். கல்லூரிப் பிள்ளை சமாளித்துக்கொள்வான்; பள்ளிப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் முதல் வாசல் வேண்டும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் தமிழ் அமைப்புகள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். முதல் வகுப்பை நடத்த, ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரும் பெயர்களை மறைத்த பழைய சம்பளப் பட்டியல் ஒன்றும் போதும்.