காற்றாடி நின்றுவிட்டது, மின்சாரம் நிற்கவில்லை

மாணவர்களே, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மாமனார் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினார். கூரையில் இருக்கும் எக்ஸாஸ்ட் காற்றாடியில் தூசி அடைந்து, ஒரு வாரமாகக் கடகடவென்று சத்தம். அதைக் கழற்றித் துடைக்கலாம் என்று நினைத்தார். வெளிச்சுவரில் இருந்த சுவிட்சை அடைத்தார். விளக்கு உடனே அணைந்தது. காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய பத்து நிமிடம் காத்திருந்தார். அது தானாக நின்றதும் திருப்புளியை எடுத்தார்.

"மாமா, கொஞ்சம் இறங்குங்க" என்றேன்.

"அதான் நின்னுடுச்சே மாப்பிள்ளை!"

அவர் சொன்னதில் தவறு எங்கே என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான பாடத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஆரம்பப் பள்ளியில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று படித்ததைத்தான் இப்போது 'லித்தார் செசிரி', 'லித்தார் செலாரி' என்று படிக்கிறீர்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எங்களுடையது வாடகை வீடு. அந்தக் காற்றாடியைப் பொருத்தியவர் யாரென்று தெரியாது. மின்சுற்றுப் படமும் கிடையாது. ஒரே ஒரு சுவிட்ச். போட்டால் விளக்கும் காற்றாடியும் சேர்ந்து இயங்கும். அடைத்தால் விளக்கு உடனே அணையும், காற்றாடி பத்து நிமிடம் கழித்து நிற்கும். நம் கையில் இருந்த தகவல் இவ்வளவுதான்.

முதலில், இரண்டும் தொடர் இணைப்பில் உள்ளனவா? இல்லை. போன வருடம் அந்த விளக்கு எரிந்துபோய் இரண்டு நாள் இருட்டில் குளித்தோம். அப்போதும் சுவிட்சைப் போட்டால் காற்றாடி ஓடியது. தொடர் இணைப்பாக இருந்தால் விளக்கு போனதும் காற்றாடிக்கான பாதையும் அறுந்திருக்கும். ஆக, இணை மின்சுற்று. இது எளிது.

அடுத்த கேள்விதான் சுவையானது. சுவிட்சை அடைத்த பிறகு அந்தப் பத்து நிமிடமும் காற்றாடிக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

"சுற்றிய வேகத்தில் ஓடுது சார்" என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். நிலைமத்தை மறக்காமல் வைத்திருக்கிறானே என்று மகிழ்ந்தேன். ஆனால் உங்கள் வீட்டு வரவேற்பறையின் பெரிய கூரைக் காற்றாடியே அடைத்த ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். கையளவு இறக்கைகள் பத்து நிமிடம் அதே வேகத்தில் சுற்றாது. "உள்ளே மின்தேக்கி இருக்கலாம்" என்றாள் இன்னொரு மாணவி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். காற்றாடியின் திறன் 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் என்பது 600 வினாடி. 20 × 600 = 12,000 ஜூல். இது ஒரு நல்ல ஆல்கலைன் பென்சில் பேட்டரி முழுவதிலும் இருக்கும் ஆற்றலுக்கு அருகில் வருகிறது. காற்றாடி மோட்டாரோடு வரும் சிறிய மின்தேக்கியில் இவ்வளவு ஆற்றல் அடங்காது.

அப்படியானால் மிஞ்சுவது ஒரே விடை. ஆற்றல் கம்பி வழியாகத்தான் வருகிறது. சுவிட்சோ அடைக்கப்பட்டிருக்கிறது. எனவே, அந்தச் சுவிட்ச் துண்டிக்காத ஒரு லைவ் கம்பி காற்றாடிக்குள் போகிறது.

இதை நாங்கள் மூடியைத் திறக்காமல், ஒரு கம்பியையும் தொடாமல் கண்டுபிடித்தோம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது படத்தை வரையலாம். எர்த் கம்பியைச் சேர்க்காமல் காற்றாடிக்கு மூன்று கம்பிகள். ஒன்று நியூட்ரல். ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள லைவ். மூன்றாவது, விளக்குக்குப் போகும் அதே சுவிட்ச் வழியாக வரும் லைவ். இந்த மூன்றாவது கம்பி மோட்டாரை ஓட்டுவதில்லை. உள்ளே இருக்கும் டைமருக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. அதில் மின்சாரம் வந்தால் "ஓடு". போனால் "எண்ணத் தொடங்கு". எண்ணி முடித்ததும் டைமர் மோட்டாரை நிறுத்துகிறது. குளித்து முடித்த பிறகும் ஈரக்காற்று வெளியேற வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பூசணம் பிடிக்கும் நம் ஊர்க் குளியலறைகளுக்கு நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மாமா ஸ்டூலில் நின்றபோது நிலைமை என்ன? மோட்டாரை நிறுத்தியது டைமர். எப்போதும் மின்சாரம் உள்ள அந்தக் கம்பி, அவர் திருப்புளியை வைக்கப்போன மூடிக்குப் பின்னால், ஏறக்குறைய 240 வோல்ட்டுடன் அப்படியே காத்திருந்தது. கால் நனைந்த தரை வேறு. பிரிட்டனில் இந்த வகைக் காற்றாடிக்கென்றே மூன்று கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கும் தனிச் சுவிட்ச் ஒன்றை வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

மாமா இறங்கினார். சுவிட்சைப் போட்டு அடைத்து, காற்றாடி தனியாக ஓடும்போது மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் போனேன். பெட்டியில் பேனாவால் எழுதியிருந்த பெயர்கள் பாதி அழிந்திருந்தன. எம்சிபிகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். மூன்றாவதை அடைத்ததும் சில வினாடிகளில் காற்றாடி நின்றது. விளக்கும் அதே எம்சிபியில்தான் இருந்தது. அதோடு என் வேலை முடிந்தது. மூடியைத் திறக்க எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்தோம். அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார். உள்ளே ஒரு சிவப்புக் கம்பி, இரண்டு கறுப்புக் கம்பிகள். கறுப்பு என்றால் நியூட்ரல் என்றுதானே படித்திருக்கிறீர்கள்? இரண்டில் ஒன்றுதான் நியூட்ரல். மற்றது சுவிட்ச் வழியாக வரும் லைவ். பொருத்தியவரிடம் அன்று சிவப்புக் கம்பி தீர்ந்துபோயிருக்கலாம்!

இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒருவர் முகம் சுளித்தார். "பிள்ளைகளிடம் வீட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேசினால் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். 'தொடாதே' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். அவர் அச்சம் நியாயமானது. நானும் சொல்கிறேன்: தொடாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள், எம்சிபி சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் 'தொடாதே' என்பது மட்டும் போதாது. என் மாமாவுக்கும் சிறுவயதில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெரியவரானதும் அந்தக் கட்டளை காலாவதியாகிவிடுகிறது. ஸ்டூலில் ஏறுகிறார்கள். ஏன் தொடக்கூடாது, எப்போது மின்சாரம் உண்மையிலேயே போயிருக்கிறது என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் அங்கே தயங்குவார்.

என்மீதும் எனக்குக் குறை உண்டு. தேர்வில் மின்சுற்றுப் படத்தைக் கொடுத்து மின்னோட்டத்தைக் கேட்கிறோம். மின்கலம், இரண்டு விளக்கு, நேர்க்கோடுகள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நேர்மாறு: நடத்தை தெரிகிறது, படம் சுவருக்குள் மறைந்திருக்கிறது. இத்தனை வருடமாக முதல் வகைக் கேள்வியை மட்டுமே கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து வாரம் ஒரு 'மறைந்த மின்சுற்று' கொடுக்கிறேன். வரையும் கோடுகள் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, காரணம் சொன்னால் முழு மதிப்பெண்.

நீங்களும் உங்கள் குளியலறை வாசலில் நின்று ஒன்று வரையுங்கள். எத்தனை சுவிட்ச், எதைப் போட்டால் எது இயங்குகிறது, எதை அடைத்தால் எது நிற்கிறது, உடனேயா தாமதமாகவா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் ஒரு மாணவி கொண்டுவந்தது இது. அவள் வீட்டில் விளக்குக்கு ஒரு சுவிட்ச், காற்றாடிக்கு ஒரு சுவிட்ச். விளக்கை மட்டும் தனியாகப் போடலாம். ஆனால் விளக்கு எரியும்போது மட்டுமே காற்றாடிச் சுவிட்ச் வேலை செய்கிறது. விளக்கை அடைத்தால் காற்றாடியும் உடனே நின்றுவிடுகிறது. அவள் வீட்டுக் காற்றாடிச் சுவிட்சுக்கு லைவ் கம்பி எங்கிருந்து வருகிறது?