ரோல் செய்தது என்றால் யார் செய்தது?

எஸ்3 பக்கெட் ஒன்றின் பாலிசியை யாரோ நள்ளிரவில் மாற்றியிருக்கிறார்கள். கிளவுட்டிரெயிலில் தேடினால் பதிவு உடனே கிடைத்துவிடுகிறது. நேரம் இருக்கிறது, ரீஜன் இருக்கிறது, ஐ.பி. முகவரி இருக்கிறது, புதிய பாலிசியின் வாசகம் முழுதும் இருக்கிறது. யூசர் ஐடென்டிட்டி பகுதியில் மட்டும் ஆள் இல்லை. வகை 'அஸ்யூம்டு ரோல்'. ரோலின் பெயர் 'புரொடக்‌ஷன் அட்மின்'. அதையடுத்து 'போட்டோகோர் செஷன்' என்று தொடங்கி ஒரு நீண்ட எண். அந்த ரோலை ஏற்க உரிமை உள்ளவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சிடென்ட் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நிரந்தர அக்சஸ் கீ வேண்டாம், ரோல் வழியாக வாருங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள் நாம்தான். சொன்னதில் தவறில்லை. கோடுக்குள் மறந்துபோய் விடப்பட்டு ஊரறியக் கசியும் கீயைவிட, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் கீ எவ்வளவோ மேல். ஆனால் பழைய கீ போனபோது அதோடு ஒட்டியிருந்த ஆளின் பெயரும் லாக்கிலிருந்து போய்விட்டது. முதல் இன்சிடென்ட் வரும்வரை பல குழுக்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பின்னோக்கிப் போக ஒரு வழி உண்டு. பாலிசியை மாற்றிய பதிவில் 'ஏ.எஸ்.ஐ.ஏ.' என்று தொடங்கும் தற்காலிக அக்சஸ் கீ ஐடி இருக்கும். அதே ஐடியை அஸ்யூம்ரோல் பதிவுகளின் ரெஸ்பான்ஸ் பகுதியில் தேட வேண்டும். எந்தப் பதிவில் அகப்படுகிறதோ, அதன் யூசர் ஐடென்டிட்டிதான் ரோலைக் கேட்டு வாங்கியவர். அங்கேயும் ஒரு ரோல்தான் நிற்கிறது என்றால், அதன் கீ ஐடியை எடுத்துக்கொண்டு இன்னொரு படி பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் வழுக்க இடம் உண்டு. தற்காலிகக் கீ தரும் எஸ்.டி.எஸ். சேவையின் பொது முகவரிக்குப் போன அழைப்பை மும்பை ரீஜன் லாக்கில் தேடிப் பயனில்லை, அது வட வர்ஜீனியாவில் பதிவாகியிருக்கும். வந்தவர் வேறு அக்கவுண்டின் ஐ.ஏ.எம். யூசர் என்றால் நம் பக்கப் பதிவில் பெயரே இருக்காது. அக்கவுண்ட் எண்ணும் பிரின்சிபல் ஐடியும்தான் கிடைக்கும். இரு பக்கமும் விழும் ஷேர்டு ஈவென்ட் ஐடியைக் கொடுத்து, பெயரை அந்த அக்கவுண்ட்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் லாக்கை வைத்திருக்க வேண்டும், நமக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ரோல் செஷன் நேம். 2 முதல் 64 எழுத்துக்குள் ரோலை ஏற்கிறவர் தன் விருப்பப்படி அதை எழுதலாம். கண்டிஷன் வைக்காத ரோலில் நான் என் சக ஊழியரின் பெயரை எழுதினால், லாக்கில் ஏறுவது அவர் பெயர்தான். ஏ.ஆர்.என்.னிலும் அதுவே வரும். அந்த ஒரு வரியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒருவரைக் கூப்பிட்டு விசாரிப்பது அநியாயம். அப்படி விசாரணைக்கு முதலில் நிறுத்தப்படுகிறவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளையவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேலை போய்விடும். அந்த லாக் தவறு என்று காட்ட, லாக்கைத் திறந்து பார்க்கும் உரிமைகூட அவருக்கு இருக்காது.

ஐ.பி. முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே என்பார்கள். இந்த உரையை எழுதுவது மயிலாடும்பாறையிலிருந்து. தேனியிலிருந்து கடமலைக்குண்டு வழியாக வருசநாடு போகிற பாதையில் இருக்கிற ஊர். செல்போன் டேட்டாவை லேப்டாப்பில் இணைத்து இங்கிருந்து வேலை பார்க்கிறவரின் முகவரி லாக்கில் எப்படி விழும் என்று பாருங்கள். அலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி.க்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்களை வைத்திருக்கின்றன. லாக்கில் ஏறுவது அந்தப் பொது முகவரி. இருப்பிடம் காட்டும் கருவி அதைச் சென்னை என்றும் சொல்லும், மும்பை என்றும் சொல்லும். இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் முகவரியே மாறிவிடலாம். அதன் பின்னால் இருந்த சந்தாதாரர் யார் என்று நிறுவனம் தேடிச் சொல்வதற்கு சோர்ஸ் போர்ட் எண்ணும் வேண்டும், கிளவுட்டிரெயில் போர்ட் எண்ணைப் பதிவதே இல்லை. அலுவலக வி.பி.என். வழியே வந்தாலோ 15 பேருக்கும் ஒரே முகவரி.

பதிவு எல்லாம் சரியாக இருந்தும் ஆள் யார் என்று தெரியாமல் போவது இந்த வட்டாரத்து மக்களுக்குப் புதிதல்ல. கடமலை-மயிலை ஒன்றியத்தில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு என்.எம்.எம்.எஸ். செயலியைத் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் வருகைப் பதிவுக்கு அது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தன் லாகினில் நுழைந்து நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும், இடமும் நேரமும் படத்தோடு சேர்ந்து போகும். ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. லாகின் சரி, நேரம் சரி, இடம் சரி. போன் யார் கையில் இருந்தது என்பதற்குப் பதிவில் விடை கிடையாது. கூலி நின்றால் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைகிறவர் மண் வெட்டியவர்.

ஆளின் பெயரை எழுத வேண்டிய நேரம், முதல் ரோலை ஏற்கும் நேரம். அப்போது எழுதாததைப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. 2021 ஏப்ரலில் வந்த 'சோர்ஸ் ஐடென்டிட்டி' என்ற கட்டம் இதற்காகவே செய்யப்பட்டது. ஒருமுறை வைத்துவிட்டால் அந்த செஷனில் மாற்ற முடியாது. ரோலிலிருந்து ரோலுக்குத் தாவினாலும் கூடவே வரும், பதிவுகளில் விழும். ஓக்டா, என்ட்ரா ஐடி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் சாமல் வழியாகவே அதை அனுப்பலாம், பயனரின் கை அதில் படாது. ஐ.ஏ.எம். யூசர்களை இன்னும் விட்டுவைத்திருப்பவர்கள், சோர்ஸ் ஐடென்டிட்டி யூசர் நேமோடு பொருந்தினால் மட்டுமே ரோல் என்று டிரஸ்ட் பாலிசியில் கண்டிஷன் போட வேண்டும். கண்டிஷன் இல்லாவிட்டால் இதுவும் செஷன் நேமைப் போல யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரப்பும் கட்டம்தான்.

வரிசை தப்பினால் முதல் நாளே டிப்ளாய்மென்ட் நின்றுபோகும். சோர்ஸ் ஐடென்டிட்டியோடு வருகிற செஷன், 'செட் சோர்ஸ் ஐடென்டிட்டி' அனுமதி இல்லாத டிரஸ்ட் பாலிசியில் முட்டி நிற்கும், ரோல் கிடைக்காது. எனவே முதலில் எல்லா அக்கவுண்டுகளிலும் டிரஸ்ட் பாலிசிகளைத் திருத்துங்கள். பிறகு ஐடென்டிட்டி புரொவைடர். சோர்ஸ் ஐடென்டிட்டி இல்லாத செஷனைத் தடுக்கும் விதி கடைசியில் வரட்டும்.

சோர்ஸ் ஐடென்டிட்டி மனிதர்கள் ஏற்கும் ரோல்களுக்குத்தான் பயன்படும். ஈ.சி.2 மெஷினின் ரோலில் செஷன் நேம் என்பது இன்ஸ்டன்ஸ் ஐடி. அந்தக் கீ கசிந்தால் லாக் மெஷினைத்தான் காட்டும். 2019 மார்ச்சில் கேப்பிட்டல் ஒன் வங்கியில் அதுதான் நடந்தது. தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் வழியே நுழைந்தவர், அந்த ஃபயர்வாலுக்குரிய ரோலின் கீயை எடுத்து, பக்கெட்டுகளைப் பட்டியல் போட்டு, தரவை அள்ளிக்கொண்டு போனார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள். வெளியாள் ஒருவர் ஜூலையில் அனுப்பிய மின்னஞ்சலால்தான் வங்கிக்கே விஷயம் தெரிந்தது. அந்த ஃபயர்வால் ரோல் பக்கெட்டுகளைப் பட்டியல் போடுவது வழக்கமே இல்லை என்று வங்கியின் பதிவுகள் காட்டியதை எஃப்.பி.ஐ. தன் புகார் மனுவில் குறிப்பிட்டது. மெஷின் ரோலிடம் யார் என்று கேட்பதைவிட, இந்த ரோல் இந்த வேலையை இதற்கு முன் செய்ததுண்டா, இந்த முகவரியிலிருந்து வந்ததுண்டா என்று அன்றன்றைக்கே கேட்பது பலன் தரும்.

லாக்கை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாளோடு சரி. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு 180 நாள் லாக்கை இந்திய வரம்புக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் அதை ஓராண்டாக்குகின்றன, இணங்குவதற்குத் தரப்பட்ட அவகாசம் 18 மாதம். டிரெயில் அமைத்துப் பக்கெட்டில் சேர்க்காதவர்களுக்கு அஸ்யூம்ரோல் பதிவு நான்காவது மாதம் கையில் இருக்காது, சங்கிலியின் முதல் கண்ணி அங்கேயே அறுந்துபோகும்.

இந்த வாரமே நான்கு மாதம் முந்தைய ரோல் பதிவு ஒன்றை எடுத்து, ஆளின் பெயர் வரை போய்ப் பாருங்கள். வெளி நிறுவனம் ஒன்று உங்கள் அக்கவுண்டில் ஏற்கும் ரோலையும் ஒரு தடவை பின்தொடருங்கள். எக்ஸ்டர்னல் ஐடி வைத்திருக்கிறோமே என்று சமாதானப்பட முடியாது. அந்த நிறுவனத்துக்குள் எந்த ஆள் என்பதை அது சொல்லாது. கேட்டவுடன் பெயரைத் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சிடென்ட் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு அறிக்கை போக வேண்டும், அந்த நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க் டிக்கெட்டுக்குப் பதில் வர அதற்குமேல் ஆகும் என்றால் ஒப்பந்தத்தை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.