வந்தவர் கண்ணில் பட்டவை

புழங்கிப் பழகிய பொருளை நாம் பார்ப்பதே இல்லை. புதிதாக வருபவர் பார்த்துவிடுகிறார். ஏற்காட்டோடு பிணைந்த இரு ஆங்கிலேயர்களே இதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல், நம் வீடுகளில் அன்றாடம் வந்துவிழும் பழமொழிகளைக் காதுகொடுத்துக் கேட்டார். அவருடைய 1874 தொகுப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியலாளர். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிக் கூராக்கிய கல் அது. இந்தியப் பழைய கற்கால ஆய்வே அதிலிருந்துதான் வேர்பிடித்தது. ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவருடைய கல்லறையும் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது. அவர்கள் ஆட்சியாளர் இனத்தவர் என்பது உண்மை. அதற்காக அவர்களுடைய உழைப்பை மறுக்க வேண்டியதில்லை. படகுச் சவாரிக்கு மலையேறும் பெற்றோர்களே, அந்தக் கல்லறைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காலடியில் கிடப்பதைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.