மெரினா காற்று எல்லோருக்கும் சொந்தமா? 263 மீட்டர் பாதை கிளப்பும் கேள்வி

சென்னையில் காசு கொடுக்காமல் கிடைக்கிற சுகம் ஒன்று உண்டென்றால் அது கடற்கரைக் காற்றுதான்! சாயந்திரம் ஆனால் மூட்டை தூக்குகிறவரும் முதலாளியும் ஒரே மணலில் உட்கார்ந்து சுண்டல் கொறிக்கலாம். டிக்கெட் கிடையாது. கேட் கிடையாது. "யாருய்யா நீ?" என்று கேட்க ஆள் கிடையாது.

"அப்புறம் என்ன குறை?" என்று கேட்கலாம்.

குறை இருக்கிறது. அந்த மணலே குறை!

புதைந்த சக்கரம்

மெரினாவில் ரோட்டோரத்திலிருந்து அலை வரைக்கும் நடக்க, நல்ல கால் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் கதி? நாலடி போவதற்குள் சக்கரம் புதைந்துவிடும். அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், முட்டி வலிக்காரப் பாட்டி, எல்லோருக்கும் இதே கதைதான். கடலை எட்ட நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்!

முன்பெல்லாம் மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். விழா முடிந்தால் பாதையும் முடிந்தது. "மற்ற நாளெல்லாம் எங்களுக்குக் கடல் வேண்டாமா?" என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு கேட்டார்கள்.

கடைசியில் 2022 நவம்பர் 27-ந் தேதி நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அலையில் கால் நனைக்கப் பல வருஷம் காத்திருந்தவர்கள் அன்று நனைத்தார்கள்.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. பாதையின் கடலோரப் பகுதி பெயர்ந்துபோனது. "இதுக்கா இவ்வளவு செலவு?" என்று கேலி கிளம்பியது.

புயலில் ரோடு போனால் "இனி ரோடே வேண்டாம்" என்று யாராவது சொல்வார்களா? பாதை பழுது பார்க்கப்பட்டது. சக்கரங்கள் மீண்டும் உருண்டன. பிறகு பெசன்ட் நகர் கடற்கரையிலும் இதேபோல ஒரு பாதை வந்தது.

தெற்கே மணல், வடக்கே பாறை

இவ்வளவு மணல் மெரினாவுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அலை இப்போதைய ரோட்டுக்கு வெகு அருகில் இருந்தது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதி கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே கடல் கரையைத் தின்றது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களும், வலை வீசிப் பிழைத்தவர்களும் வாழும் பகுதி. வீட்டு வாசலில் கடல். ஆனால் பல இடத்தில் கரையில் இருப்பது மணல் அல்ல, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல்! குழந்தைகள் ஓடியாட அது இடமாகுமா?

லாபம் ஓரிடம், நஷ்டம் ஓரிடம்.

பஸ் ஏறினால்தானே பீச்!

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நகரத்து நடுவில், ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கத்திலிருந்து மெரினா 20 கிலோமீட்டருக்கும் மேல். நடந்துபோய்க் காற்று வாங்கியவர்களுக்கு இப்போது பீச் ஒரு நாள் பயணம்!

2021-ல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் அது விரிந்தது. கூலிக் குடும்பத்துக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனால் டிக்கெட் இலவசமானால் போதுமா? படி ஏற முடிய வேண்டாமா? 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. 2025-ல் தாழ்தள மின்சார பஸ்களும் சேர்ந்தன. நல்ல ஆரம்பம். ஆனால் எல்லா ரூட்டுக்கும் அவை போய்ச் சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் 29-வது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்கில் கலந்துகொள்ளும் உரிமையைப் பாதுகாக்க அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கிற தர்மம் இல்லை இது.

"சோத்துக்கே வழியில்லாதவனுக்குக் காத்து ஒரு கேடா?" என்பவர்களும் உண்டு. நாள் முழுக்கப் பத்தடி அறையில் முடங்கிக் கிடப்பவருக்குத்தான் காற்றின் அருமை தெரியும். பணக்காரருக்கு மாடித் தோட்டம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. ஏழைக்கு இருப்பது பீச் ஒன்றுதானே?

ஆகவே கணக்கைக் கடற்கரையில் தொடங்கினால் போதாது. வீட்டு வாசலில் தொடங்க வேண்டும். தெருவில் நடைபாதை, ஏறக்கூடிய பஸ், ஸ்டாப்பிலிருந்து மரப்பாதை வரை தடங்கல் இல்லாத சரிவு, பக்கத்திலேயே சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை. இதில் ஒன்று அறுந்தாலும் மீதி அத்தனையும் வீண். வடசென்னைப் பிள்ளைகளுக்கோ, அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே விளையாட இடம் வேண்டும்.

மணல் மேல் 263 மீட்டர் போட முடிந்தது. மிச்ச தூரத்தைப் போட முடியாதா?