மலைச்சரிவை விட்டுவிடும் நில அளவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையைத் தான்சா, பாட்சா, வைதரணா நீர்த்தேக்கங்களில் தேக்கி மும்பை குடிக்கிறது. அதே மலைக்குக் கிழக்கே, ஈரத்தை இழந்த காற்றே வந்துசேரும் மழை மறைவுப் பகுதியில், மகாதேவ் குன்றுகளை ஒட்டிய சதாரா மாவட்டத்தின் மாண் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையை நம்பி, பல கோடைகளில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறது.

இத்தகைய நிலத்தில் நீர்ப்பாதுகாப்பு வேலை முகட்டில் தொடங்கி ஓடைக்கு இறங்க வேண்டும் என்பதால், கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நுட்பமாக வரையப்பட்ட நிலப்படம் தேவைப்படுகிறது. ஆனால், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் 1 சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டரைக் குறிப்பதோடு, அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி பொதுவாக 20 மீட்டராக இருப்பதால், 10 மீட்டர் உயர மேடுகூட அதில் தென்படாமல் போகலாம்.

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ட்ரோன்கள் ஊர் நத்தத்து மனைகளை மிகத் துல்லியமாக அளக்க, அவற்றின் உரிமையாளர்களுக்கு உரிமை ஆவணம் வழங்கப்படுகிறது. அந்த ஆவணம் ஏழைக் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானதுதான். எனினும், ஊருக்கு நீர் தரும் சரிவு அந்த அளவைக்குள் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசியப் புவியிடக் கொள்கையோ, 2030க்குள் எட்ட வேண்டிய உயரத் துல்லியத்தைச் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் என்றும் மலைப்பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர் என்றும் வகுத்திருக்கிறது. மழைநீரைத் தடுக்கச் சரிவில் வெட்டும் அகழியின் ஆழமே அரை மீட்டர் அளவுதான் என்னும்போது, வறண்ட மலைகளுக்கு இந்தத் தளர்வு கொஞ்சமும் பொருந்தாது.

களத்தில் மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால் போதும் என்பது ஓர் அகழிக்குச் சரியான பதில். ஆனால், எந்தச் சரிவின் நீர் எந்த ஊர் ஓடைக்கு வருகிறது, ஒரு தடுப்பணைக்கு மேலே எவ்வளவு நிலம் வடிகிறது என்பவற்றை மலை முழுவதற்குமான படமே காட்டும். மகாராஷ்டிர அரசின் நீர்ப்பாதுகாப்புத் திட்டமான ஜல்யுக்த் சிவாரில் 9,600 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட பின்னும் நிலத்தடி நீர் எதிர்பார்த்தபடி உயரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2020 அறிக்கை கூறியது. அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலாவது மண்வெட்டிக்கு முன்னே நிலப்படம் போக வேண்டும்.

எனவே, மழை மறைவு வட்டங்களின் மலைச்சரிவுகளை முதலில் நுட்பமாக அளந்து, அந்தப் படங்களை மராத்தியில் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் கட்டணமின்றி வழங்குமாறு மத்திய, மகாராஷ்டிர அரசுகளைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், செம்பூர், மும்பை