தோப்பு வாங்கப் போகிறவர்களுக்கு

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் எழுந்தருளுவதும், பாலாற்றுக்கு அக்கரையிலுள்ள திருமுக்கூடலுக்கு வருவதும் வழக்கம். அந்த உத்ஸவத்துக்குப் போயிருந்த நண்பர் ஒருவர், பிரசாதத்தோடு ஓர் ஆசையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆற்றோரமாக மூன்று ஏக்கர் மாந்தோப்பு விலைக்கு வந்திருக்கிறதாம். மரமெல்லாம் பூத்துக் குலுங்குகிறதாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை முழுவதையும் அதில் போட்டுவிட உத்தேசம். தரகர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

"சித்திரை கழியட்டும், ஸ்வாமி!" என்றேன்.

தை மாதத்தில் அழகில்லாத மாந்தோப்பு எங்கே இருக்கிறது? கிணற்றின் யோக்கியதை கோடையில்தான் வெளிப்படும். இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, மறுபடி எவ்வளவு நேரத்தில் நீர் ஊறுகிறதென்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் என்பதால் தண்ணீருக்குக் குறைவிராது என்று நினைப்பது தவறு. மணல் அள்ளப்பட்ட இடங்களில் ஊற்று கீழே போய்விட்டது. மேலே வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில் இவ்வாற்றுக்குச் செய்த கேடு 1996-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம். ஆகையால் நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவதே உத்தமம். ஆறு வறண்டு கிடக்கிறதே என்று அலட்சியமும் கூடாது. 2021 நவம்பரில் அதே பாலாறு கரை புரண்டு ஓடிற்று. அப்போது வெள்ளம் எந்த மரம் வரைக்கும் வந்தது என்று அடுத்த தோப்புக்காரரைக் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்க வேண்டாம்.

பூவைப் பார்த்து மகிழ்கிறோமே, அந்தப் பூ யாருடையது? மகசூலை இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னதாகவே குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கிவிடுவது சகஜம். தோப்பு நமது, மாங்காய் பிறத்தியாருடையது என்றால் ரஸமாக இராது. மின்சார இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வண்டிப் பாதை பத்திரத்தில் கண்டிருக்கிறதா என்பவற்றையும் சொல்லி வைத்தேன்.

இவையெல்லாம் சில்லறைக் கஷ்டங்கள். பெரிய ஆபத்து வேறு. திருமுக்கூடல் கோயில் மதிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் ஒன்று இருக்கிறது. சுமார் 1068-ம் வருஷத்தது. கோயிலையொட்டிப் பதினைந்து படுக்கைகளுடன் நடந்த ஆதுலசாலைக்கும், வேதம் படித்த மாணாக்கர்களுக்கும் ஆன செலவை நெல்லும் காசுமாகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கு வருமானம் வயலைக்காவூர் நிலங்களிலிருந்து. இப்படித் தெய்வத்துக்கு எழுதி வைத்த நிலம் இந்தச் சீமையெங்கும் பரவிக் கிடக்கிறது. 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி, ஆணையரின் அனுமதியின்றி அதை விற்றால் கிரயம் செல்லாது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்றால், பதிவு செய்வதனால் மட்டும் உரிமை பிறந்துவிடுவதில்லை.

"முப்பது வருஷ வில்லங்கம் பார்த்தாயிற்று" என்று நண்பர் பெருமையாகச் சொன்னார். முப்பது வருஷம் பெருமாளுக்கு ஒரு கணம் அல்லவா? 1963-ம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டத்தின்போது பட்டா யாருக்குக் கிடைத்தது என்பது வரைக்கும் போக வேண்டும். கிராமத்து 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரமன்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892-ல் ஏற்பட்ட பஞ்சமி நிலமா என்பதையும் அதே மூச்சில் விசாரிக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அதை நாம் வாங்குவது சட்டத்துக்கும் பொருந்தாது, மனச்சாட்சிக்கும் பொருந்தாது.

நண்பர் வைகாசியில் மறுபடியும் போனார். கிணறு மோசமில்லை. ஆனால் பழைய பதிவேட்டில், மூன்று ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர் ஒரு தேவஸ்தானத்தின் பெயரில் இருந்தது. அதுவும் கிணறு இருக்கிற பாகம்! தரகர் இப்போது உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருப்பதாகச் சொல்கிறாராம். எப்போது போய்ப் பார்க்கலாம் என்று நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார்.