தாயின் கடனுக்கு உதவாத கணக்கீடு

எமது பிள்ளைகள் சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீடும் கற்கின்றனர். உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு தனிப்பாடமாகவே உண்டு. பேரேடு, பரீட்சை மீதி, பெறுமானத்தேய்வு யாவும் மனப்பாடம். ஆனால் தாய் நுண்கடன் பத்திரத்தில் ஒப்பமிடும்போது, அருகிலிருக்கும் அந்தப் பிள்ளையின் படிப்பு அவளுக்கு உதவுவதில்லை.

12,000 ரூபா கடன், 12 மாதத் தவணை, மாதம் 2 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபா முதலில் கழிகிறது. எஞ்சிய மீதிக்கு மட்டும் வட்டி கணித்தால் மொத்தம் 1,560 ரூபா. கடன் முழுவதற்கும் மாதந்தோறும் கணித்தால் 2,880 ரூபா. வீதம் ஒன்றே! "எந்தத் தொகைக்கு வட்டி, ஐயா?" என்று கேட்கப் பிள்ளைக்குத் தெரியவேண்டாமா?

ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. வினாத்தாளில் வருவதையே அவர்கள் படிப்பிக்கிறார்கள். எனினும் விதைநெல், உழவுக்கூலி, உரம், மருந்து என ஒரு போகத்தின் செலவைக் காசேட்டில் எழுதுவித்தால் பாடமும் விளங்கும், வயலும் விளங்கும். வீட்டார் உழைப்புக்கும் கூலி எழுதவேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் இலாபம் என்கிறோம்.

இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸ் நகரில் நூலாக அச்சேற்றிய லூக்கா பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. உள்ள பொருட்கள் அனைத்தையும் முதலில் பட்டியலிடுமாறு அவர் வணிகருக்குச் சொன்னார். இடம்பெயர்ந்தபோது அப்படியொரு பட்டியல் எம்மில் எத்தனை பேரிடம் இருந்தது? இழந்த மாடு, நீரிறைக்கும் இயந்திரம், கூரைத்தகடு யாவற்றையும் பின்னர் நினைவிலிருந்தே படிவத்தில் நிரப்பினோம்.

காலபோகத்துக்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். முதற்பக்கத்தைப் பிள்ளையே எழுதட்டும்.